மீன் கேம் கங்காணி

சாயங்கால நிறுவைக்குக் கொழுந்து மடுவக் கொட்டகையின் முன்னால் வரிசை கூடியதும் கணேசமூர்த்தி கங்காணி மலையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். குடையைச் சட்டைக் காலரின் பின்புறம் மாட்டிக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்தாம் நம்பர் மலையில் அன்றுதான் ஏதோ புதிதாக முளைத்ததுபோல உற்றுப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இல்லை. தேயிலை, மூடுபனி, மழை வந்தால் மழை. அவர் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்குள், கொழுந்து கூடினவள் தன் பையிலிருந்து இரண்டு பிடி அள்ளிக் குறைந்தவளின் பையில் போட்டுவிடுவாள். இருபது கிலோ வந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், நாள் முழுக்க அட்டைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் பாதிச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அரைப்பேர் போடுகிறவர் இந்தக் கங்காணிதான் என்பதால், காரியம் அவர் கண்ணில் படாமல் நடக்க வேண்டும்.

"கங்காணி மலை பாக்குறாரு. சுருக்கா போடுடீ" என்று வரிசையில் ஒரு குரல் தாழ்ந்து கேட்கும்.

திரும்புவதற்கு முன்னால் ஒரு தடவை இருமுவார். சளி இருமல் இல்லை. இதோ வருகிறேன் என்று சொல்கிற இருமல். அதற்குள் பைகள் நேராகிவிட வேண்டும். பிறகு ஒவ்வொருத்தியின் பெயர் அட்டையையும் மெஷினில் தட்டி, பையைத் தராசில் ஏற்றி, எண்ணைச் சத்தமாகப் படிப்பார். "இருபது, நூறு கிராம். முழுப்பேர். அடுத்தாளு." முகத்தைப் பார்த்தால் சட்டத்தை இவர்தான் எழுதினார் என்று தோன்றும். அவருக்கு மேலே வேலை பார்க்கிற கண்டாக்கு ஐயா இதைப் பற்றி இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். இரண்டு தடவையும் கங்காணி, தனக்குக் கழுத்துப் பிடிப்பு என்று பதில் சொன்னார்.

பொகவந்தலாவையில் பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இரண்டு மைல் ஏறினால் அவருடைய தோட்டம். வயது நாற்பத்து நான்கு. கங்காணி என்றால் மீசையும் அதட்டலும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். முழங்கால்வரை காலுறை போட்டு, அட்டை ஏறாமலிருக்க அதன்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலையேறும் ஒல்லி மனிதர் அவர். சாயத் தேநீரில் சீனியைக் கலக்கமாட்டார். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார். கடலைக் கண்டதில்லை. நோர்வூட் பக்கம் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடலாம் வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: "வேணாம்பா. அது நெசமாவே செத்துப் போயிரும்ல."

இப்படிச் சொல்கிற மனிதர் தன் பெயரில் பதினோராயிரத்துச் சொச்சம் மீன் பிடித்து வைத்திருக்கிறார். எல்லாம் போனில்.

அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. தோட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை. மீன் கேம் என்றால் போதும். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தபோது, பாடத்தோடு பாடமாக மகள் இறக்கி வைத்தது. ஒரு குளம், அதில் பத்துப் படகு, படகுக்கு இரண்டு இருக்கை. ஒருவர் தூண்டிலைப் போட்டு இழுக்க, மற்றவர் வலையை நீட்டி ஏந்த வேண்டும். தனியாக உட்கார்ந்தால் பொடி மீன்தான் வரும். பெரிய மீனுக்கு இரண்டு பேர் வேண்டும். பிடித்ததை எண்ணிவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். சுடுவது, வெட்டுவது ஒன்றும் கிடையாது. ஒரு காசும் கிடையாது. மகள் இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் அந்தப் படகிலேயே இருந்துவிட்டார்கள்.

அம்மா என்றால் நிஷாந்தி. மலை பார்க்கிற பழக்கம் கங்காணிக்கு வந்ததே அவளால்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், அவர் புதிதாகக் கங்காணியானபோது, நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவள் வேலைக்கு வந்திருந்தாள். கை பழகவில்லை. முதல் கிழமை முழுக்க அரைப்பேர். ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய சித்தி தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போடுவதை அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். பேர் வெட்டுவார், தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் சொல்வார் என்று அவள் நடுங்கி நிற்க, அவர் குடையை மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த தை மாதம் கல்யாணம். "மலையப் பாத்தே பொண்ணு புடிச்ச ஆளு" என்று அவள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

நாடே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற ஆண்டில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் போன் அவள் கையில் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும். அங்கே பகல் இரண்டு மணியென்றால் இங்கே நாலரை. அதுவும் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தை முதலில் பேசித்தான் கழித்தார்கள். ஆனால் தொலைவில் இருக்கிற புருஷனும் பெண்சாதியும் என்ன பேசுவார்கள்? கூரைத் தகரம் மாற்றியாச்சா என்று அவள் கேட்பாள். இல்லை என்பார். அனுப்பினது எங்கே என்பாள். மகளுக்கு ஹட்டனில் விடுதிக் கட்டணம், வகுப்புக் கட்டணம் என்று இவர் தொடங்குவார். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் குரல் உயரும். பதினைந்தாவது நிமிடத்தில் ஒருவர் அழுவார். அடுத்த வெள்ளி வரைக்கும் இரண்டு பேருக்கும் நெஞ்சில் அது கிடந்து அறுக்கும். நான்காவது மாதம் அவள்தான் சொன்னாள்: "பேச வேணாங்க. குளத்துக்கு வாங்க."

அன்றிலிருந்து வெள்ளி நாலரைக்குக் கங்காணி மடுவத்துச் சுவரில் போய் உட்கார்ந்துவிடுவார். எதிர்மலைக் கோபுரத்தின் சிக்னல் தடையில்லாமல் கிடைக்கிற ஒரே இடம் அது. அவர் இழுப்பார், அவள் ஏந்துவாள். சில நேரம் அவள் இழுப்பாள். தவறவிட்டால் திரையில் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்புவாள். தகரமும் கட்டணமும் அந்தக் குளத்துக்குள் வந்ததில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் வாழ்க்கையில் பேசாமல் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

இலவசமாக ஒரு சந்தோஷம் கிடக்கிறது என்றால் அதை விட்டுவைப்பார்களா?

முதலில் விளம்பரம் வந்தது. பத்து மீனுக்கு ஒன்று. சப்பாத்து, கிரீம், யாரோ ஒருத்தி புதையல் தோண்டுகிற வேறொரு விளையாட்டு. அது ஓடுகிற நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று நிஷாந்தி எழுதினாள். பிறகு பத்து மீன் ஐந்து ஆனது. அடுத்த வருடம் புழுவுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஒரு தடவைக்கு ஆளுக்கு ஐந்து புழு. அது தீர்ந்தால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லை கல் கொடுத்து வாங்க வேண்டும். கல் என்றால் திரையில் மின்னும் நீலக் கல். அதை வாங்குகிற கார்டு பொகவந்தலாவை பஜாரில் ஃபாஸிலின் போன் கடையில் ரீலோட் கார்டுக்குப் பக்கத்திலேயே தொங்கும். வாரத்தில் ஒரு மணி நேரமே கிடைக்கிறவள் நான்கு மணி நேரம் எங்கே காத்திருப்பாள்? கங்காணி கிழமை முழுக்கத் தன் புழுக்களைச் சேர்த்து வைத்து வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரிசாக அனுப்பினார். இரண்டு மாதத்தில் பரிசு அனுப்புவதற்கும் கல் கேட்டார்கள். விளம்பரம் ஒன்று முழுதாகப் பார்த்தால் ஒரு புழு தருவோம் என்றும் சொன்னார்கள். அவர் பார்த்தார்.

பிறகு தங்கத் தூண்டில். அதை வாங்கினவனுக்கு வலை ஏந்த இரண்டாவது ஆள் தேவையில்லை. பெரிய மீன் தானாகவே படகில் வந்து விழும். ஃபாஸில் வாங்கினான். ஆட்டோ ஓட்டுகிற வினோஜன் வாங்கினான். குளத்தில் இருந்த இருபது பேரும் பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்து ஆட்கள்தான். குளத்தைத் தொடங்கியவர் என்பதால் கங்காணிதான் அங்கே தலைவர். ஒருவர் பிடித்தால் மற்ற ஒன்பது படகிலும் கைதட்டுகிற பொம்மை வரும். தங்கத் தூண்டில் வந்த பிறகு கைதட்டு நின்றுபோனது. ஒருவரையொருவர் பார்ப்பதற்குப் பதிலாக எல்லோரும் பட்டியலைப் பார்த்தார்கள். யார் முதலாவது, எந்தக் குளம் முதலாவது.

போன சித்திரையில் அடுத்த சட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது மீன். கிழமை முடிவில் கணக்குக் குறைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பாதி இருண்ட வட்டம் ஒன்று வரும். அந்த வட்டம் இருக்கிற குளம் பட்டியலில் கீழே இறங்கும். தலைவர் கல் கட்டி அந்த வட்டத்தைக் கழுவலாம், அல்லது அந்த ஆளை இறக்கிவிடலாம். கங்காணி அந்த அறிவிப்பை ஃபாஸிலை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இருபதா? நம்ம தொரை அங்கயும் வேலைக்குப் போயிட்டாரா?" என்றார்.

ஃபாஸில் சிரித்தான். சிரித்துவிட்டு, சொல்ல வந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். நல்ல பையன், கங்காணிமேல் மரியாதை உள்ளவன். ஆனால் அவனும் அந்தப் பட்டியலுக்குக் காசு கொட்டியிருந்தான். "கங்காணியார், கோவிச்சுக்காதீங்க. நிஷாந்தி அக்காட பேர்லதான் அந்த வட்டம் நிக்குது. கிழமைக்கு ஒருக்காதானே வாறாங்க. அக்காட எடத்துக்கு வேற ஆளப் போட்டா நம்மட குளம் மேல போயிரும்."

கங்காணி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கல் கட்டிக் கழுவ அவரால் முடியாது. கிழமைக்குக் கிழமை கட்டினால் அது அவருடைய ஒரு நாள் பேரை அப்படியே விழுங்கும். அவளை இறக்கவும் முடியாது. மேலே ஏறுகிற வழியில் யோசித்திருப்பார். மடுவத்தை எட்டியபோது அவருக்கு வழி தெரிந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தோன்றுகிற வழிதான் அது. குறைந்தவள் பையில் கூடினவர் போட வேண்டும்.

அவளுடைய இரகசியச் சொல் அவருக்குத் தெரியும். மகளின் பெயரும் பிறந்த ஆண்டும். தன் இருபதை முடித்துக்கொண்டு, தன் பெயரிலிருந்து வெளியே வந்து, அவள் பெயரில் உள்ளே போவார். இன்னொரு இருபது. ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு விளம்பரம். மடுவத்துச் சுவரிலிருந்து அவர் இறங்குவதற்குள் லயத்தில் விளக்குப் போட்டிருப்பார்கள். அவரே வடித்து வைத்த சோறு ஆறிப்போயிருக்கும். கண் எரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாப்பிடுவார். ஆறு கிழமை இப்படி நடந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் வட்டம் வரவில்லை. முழுப்பேர்.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கேட்டாள்: "என் கூடையில இவ்வளவு மீன் எப்பிடிங்க?"

"குளத்துல யாராச்சும் போட்டிருப்பாங்க" என்று எழுதினார். அவள் சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வலையை நீட்டினாள்.

ஏழாவது கிழமை. வெள்ளிக்கிழமை நல்ல மழை. நிறுவை முன்னதாகவே முடிந்துவிட்டது. அவளுக்கு முந்தின நாள் குறைந்திருந்த எட்டு மீனை அவள் வருவதற்குள் பிடித்துவிடலாம் என்று கங்காணி சுவரில் உட்கார்ந்து அவள் பெயரில் உள்ளே போனார். குவைத்தில் அன்று வீட்டுக்காரம்மா ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டதால் போன் அரை மணி நேரம் முன்னதாகவே நிஷாந்தி கைக்கு வந்திருந்தது. அவளும் ஆசையாக உள்ளே வந்தாள். ஒரே பெயர், ஒரே நேரம், இரண்டு நாடு. இரண்டு போனிலும் ஒரே நொடியில் குளம் கறுத்துப்போனது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது.

கங்காணி அந்த மழையிலேயே பஜாருக்கு இறங்கினார். ஃபாஸில் வாசித்துப் பார்த்துவிட்டு முகத்தைக் கீழே போட்டுக்கொண்டான். பெயரை இன்னொருவருக்குக் கொடுத்து விளையாடியது குற்றமாம். அந்தப் பெயரை நிரந்தரமாக நீக்கிவிட்டார்களாம். தங்கத் தூண்டிலோடு பெயரைக் காசுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்களைப் பிடிக்கப் போட்ட வலை இது என்றான். கங்காணிக்காக அவன் மூன்று கடிதம் எழுதினான். காசு வாங்கவில்லை. மனைவி என்று எழுதினான், வெளிநாடு என்று எழுதினான், கிழமைக்கு ஒரு மணி நேரம் என்று எழுதினான். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அடுத்த முறை கல் வாங்கும்போது விலையில் பத்து வீதம் கழிவு.

அவள் புதுப் பெயரில் வரலாம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் முப்பதாவது படி ஏறினால்தான் கங்காணியின் குளத்துக்குள் வர முடியும். வெள்ளிக்கிழமை மட்டும் விளையாடினால் அதற்கு இரண்டு வருடம் ஆகும் என்று ஃபாஸில் கணக்குப் பார்த்துச் சொன்னான். இல்லை, கல்.

அடுத்த வெள்ளி, வருடக்கணக்கான இடைவெளிக்குப் பிறகு, இருவரும் போனில் பேசினார்கள். மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"நான்தான் நிஷா கெடுத்துட்டேன். ஒம் பேருக்கு நான்தான் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை எங்கோ வைக்கிற சத்தம் வந்தது.

"தெரியுங்க" என்றாள். "மொத கெழமையே தெரியும். நானும் மலை பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் தகரத்தைப் பற்றிக் கேட்டாள். இன்னும் மாற்றவில்லை என்றார். புதுப் பெயரில் வருவாயா என்று இவர் கேட்க, "விடுங்க. மறுபடி ஒண்ணுலருந்து எண்ண எனக்குத் தெம்பில்ல" என்றாள். இப்போது வெள்ளிக்கிழமை பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சண்டைகூட வருவதில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்துகிறது.

தோட்டத்தில் பெண்கள் விஷயத்தை அறிந்திருக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. கங்காணி நிறுவையில் எப்போதும்போல மலை பார்க்கிறார். முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு பிடி போட வேண்டிய இடத்தில் நான்கு பிடி போட இப்போது நேரம் இருக்கிறது. கண்டாக்கு ஐயா மூன்றாவது தடவை எச்சரித்தபோது கழுத்துப் பிடிப்பு இன்னும் கூடிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

குளத்தின் தலைவர் பொறுப்பை ஃபாஸிலிடம் கொடுத்துவிட்டார். தூண்டில் போடுவதையும் விட்டுவிட்டார். ஆனால் நிறுவை முடிந்து மெஷினை மூடியதும், நாள் தவறாமல் மடுவத்துச் சுவரில் ஏறிப் போனைத் திறக்கிறார். அவருடைய படகு கரையோரம் நிற்கிறது. இரண்டாவது இருக்கை காலி. இருக்கை ஒரு நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால் கம்பனி யாராவது ஒரு அந்நியரை அதில் உட்கார வைத்துவிடும். இது புதிதாக வந்த சட்டம். காலியாகவே வைத்திருக்க விரும்பினால் கல் கட்ட வேண்டும். கல் இல்லாதவர்கள் முப்பது நொடி விளம்பரம் ஒன்றை முழுதாக ஓடவிட வேண்டும்.

கணேசமூர்த்தி விளம்பரப் பொத்தானை அழுத்துகிறார். யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டு முகத்துக்குக் கிரீம் பூசத் தொடங்குகிறாள். அவர் போனைச் சுவர்மேல் மல்லாத்தி வைத்துவிட்டு இறங்கி, குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பத்தாம் நம்பர் மலையில் பனி இறங்குகிறது. பின்னால் பாட்டு ஓடி முடிகிறது. அதற்குப் பிறகும் சிறிது நேரம் நிற்கிறார். பிறகு ஒரு தடவை இருமிவிட்டு, மெதுவாகத் திரும்புகிறார்.